யூராலஜிஸ்ட் ஆக விரும்புகிறவருக்கு: கதீட்டரிலிருந்து தொடங்குங்கள்

ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ உறுதிமொழியில் ஒரு வரி உண்டு. கல்லுக்காகக் கத்தி வைக்க மாட்டேன், அதை அந்த வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவேன் என்று மருத்துவர் சத்தியம் செய்ய வேண்டும். அங்கே சொல்லப்படுவது சிறுநீர்ப்பைக் கல். மற்ற எல்லா நோய்க்கும் கை வைக்கிறவரே இதை மட்டும் ‘தெரிந்தவர் பார்க்கட்டும்’ என்று ஒதுங்கிக்கொள்கிறார். அந்தத் ‘தெரிந்தவர்’, அதாவது இன்றைய யூராலஜிஸ்ட், ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாணவர்களும் ஜூனியர்களும் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, எந்தப் பரீட்சை, எத்தனை வருஷம் என்பதைத்தான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் பரீட்சையெல்லாம் முடிந்தபின் ஒருவர் இந்த வேலையில் தேறுவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தில் தெரிந்துவிடும்: அவர் தள்ளுகிறாரா, தள்ளாமல் நிற்கத் தெரிந்தவரா? நாம் புழங்கும் பாதைகள் எல்லாமே சில மில்லிமீட்டர் அகலம்தான். பலம் போட்டால் கிழியும். கிழிந்த இடம் தழும்பாகி அடைக்கும். அந்த அடைப்போடு அந்த நோயாளி வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு யூராலஜிஸ்ட்டின் வாசலில் நிற்பார்.

முதலில் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

‘கிட்னி டாக்டர்’ என்றால் பலருக்கும் ஒரே ஆள்தான். உண்மையில் இரண்டு பேர். சிறுநீரகம் வடிகட்டுவதில் வரும் கோளாறு, டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கான மருந்துகள் எல்லாம் நெஃப்ராலஜிஸ்ட்டின் வேலை. அவர் பொது மருத்துவம் படித்து வருகிறவர். யூராலஜிஸ்ட் அறுவை சிகிச்சை வழியாக வருகிறவர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரெட்டர், அந்தப் பை, அங்கிருந்து வெளியே வரும் யுரெத்ரா, ஆண்களுக்குப் புராஸ்டேட், விதைப்பை, ஆணுறுப்பு, ஆண்மைக் குறைவு, குழந்தையின்மை இவையெல்லாம் நம் பக்கம். கல், அடைப்பு, கட்டி, கசிவு: ஓபியில் வருகிறவர்களில் பெரும்பாலானோரை இந்த நான்கு சொல்லுக்குள் அடக்கிவிடலாம்.

இது ஆண்களின் துறை என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசியும் பெண்கள், திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்கள், பிறவிக் குறையோடு வரும் குழந்தைகள் என்று எல்லோரும் வருவார்கள். பெண் யூராலஜிஸ்ட்கள் இன்னும் தேவைக்குக் குறைவாகவே இருக்கிறார்கள். பெண் மருத்துவர் இருக்கிறார் என்று தெரிந்ததால் மட்டுமே பல வருஷப் பிரச்சினையை வெளியே சொன்ன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

முடிவெடுக்கும் முன் இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் யூராலஜி ஓபியில் ஓரமாக உட்காருங்கள். ஒரு நாள் முழுக்க தியேட்டரில் நில்லுங்கள். ஓபியில் ஒரே மாதிரியான 20 புராஸ்டேட் கேஸைக் கேட்டு உங்களுக்குச் சலிப்பு தட்டினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது மாறப்போவதில்லை. தியேட்டரில் திரையில் தெரியும் அந்தச் சிவந்த குகைக்குள் நேரம் போனதே தெரியவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு, வருஷக் கணக்கு

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. பிறகு நீட் பி.ஜி. எழுதி எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை 3 ஆண்டு. அதன்பின் மேற்சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். எழுதி எம்.சிஹெச். யூராலஜி 3 ஆண்டு. அதற்கு இணையாக, தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டி.ஆர்.என்.பி. வழியும் இருக்கிறது. இடையில் ஒரு நாளும் வீணாகாமல் போனால்கூட பதினொன்றரை ஆண்டு. நடைமுறையில் பரீட்சைக்குப் படிக்கும் ஆண்டு ஒன்றிரண்டு கூடும்.

பிரிட்டனில் மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு ஃபவுண்டேஷன் 2 ஆண்டு, கோர் சர்ஜிக்கல் டிரெயினிங் 2 ஆண்டு, அப்புறம் யூராலஜி 5 ஆண்டு; கடைசிக் கட்டத்தில் எஃப்.ஆர்.சி.எஸ். யூராலஜி தேர்வு. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி முடித்ததும் நேராக யூராலஜி ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிதான், 5 அல்லது 6 ஆண்டு. அங்கே யூராலஜிக்கென்று தனி மேட்ச், அதாவது விண்ணப்பித்தவரையும் பயிற்சி இடத்தையும் இணைக்கும் தேர்வு, நடக்கும், பொது மேட்சுக்கு முன்னதாகவே முடிந்துவிடும். மற்ற துறைகளின் கால அட்டவணையைப் பார்த்து விண்ணப்பிக்கக் காத்திருந்தால் பஸ் போய்விடும். விதிகள் அடிக்கடி மாறுகிறவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்த நாட்டு அமைப்பின் தளத்தை நீங்களே படித்துப் பாருங்கள், சீனியர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

பொது அறுவை சிகிச்சையில் செலவாகும் ஆண்டுகளைக் கடனே என்று கழிப்பவர்கள் உண்டு. அது தவறு. சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டுக் குடலில் புதுப் பை தைக்கும் நாள் வரும்போது, குடல் இணைப்பு போடத் தெரிந்த கை தேவைப்படும். சிறுநீரகக் கட்டியை எடுக்கும்போது பெருநாளத்தில் கை நடுங்காமல் இருக்க, வயிற்றைத் திறந்து ரத்தத்தை நிறுத்திப் பழகியிருக்க வேண்டும். உள்ளே விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பும் லேசரும் வந்தபின் இந்தப் பழக்கம் இளம் யூராலஜிஸ்ட்களிடம் குறைந்துகொண்டே வருகிறது. கிடைக்கும் இடத்தில் கற்றுக்கொண்டுவிடுங்கள்.

கதீட்டர்

இனி உண்மையான முதல் பாடம். ஒரு யூராலஜிஸ்ட்டை வார்டு முழுக்க மதிப்பிடுவது அவர் செய்த ரோபோ அறுவையை வைத்து அல்ல. மற்றவர்களால் போட முடியாத கதீட்டரை, அதாவது சிறுநீரை வடிக்கப் பைக்குள் விடும் குழாயை, அவர் எப்படிப் போடுகிறார் என்பதை வைத்துத்தான்.

இரவு 2 மணி. எழுபது வயதுக்காரர். மாலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அடிவயிறு தொப்புள் வரை பந்து மாதிரி நிற்கிறது. டூட்டி டாக்டர் இரண்டு முறை முயன்று, நுனியில் ரத்தம் கசிகிறது. உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் கையைக் கழுவும்போதே அவரிடம் பேசுங்கள். பயத்தில் இறுகிய ஆளின் சிறுநீரை அடக்கும் ஸ்ஃபிங்க்டர் தசையும் இறுகித்தான் இருக்கும். பிறகு மரப்பு ஜெல்லி, 10 முதல் 15 மில்லி, மெதுவாக. வேகமாக அமுக்கினால் எரியும், அவர் இன்னும் இறுகுவார். உள்ளே போட்டபின் நுனியைப் பிடித்துக்கொண்டு 3 முதல் 5 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். இந்தச் சும்மா நிற்பதுதான் யாருக்கும் வராது. கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள். பிறகு ஆணுறுப்பை மேல்நோக்கி நீட்டிப் பிடித்தால் யுரெத்ராவின் முதல் வளைவு நேராகும். குழாய் ஸ்ஃபிங்க்டரில் முட்டி நிற்கும்போது அங்கேயே லேசாகத் தாங்கிக்கொண்டு, அவரை ஆழமாக மூச்சு விடச் சொல்லுங்கள், கால்விரலை அசைக்கச் சொல்லுங்கள். தசை தளரும் ஒரு நொடி வரும். குழாய் தானே வழுக்கிக்கொண்டு போவது போல விரலில் தெரியும்.

அளவு பற்றி ஒரு விஷயம். கதீட்டர் மேல் போட்டிருக்கும் எண் ‘பிரெஞ்சு’ அளவு, பாரிஸில் கருவி செய்த சார்ரியேர் வகுத்தது. மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். 16 என்றால் ஐந்தேகால் மில்லிமீட்டர் சுமார். போகவில்லை என்றதும் இன்னும் சன்னமான குழாயை எடுப்பது எல்லாருக்கும் தோன்றும் யோசனை. பெருத்த புராஸ்டேட் உள்ளவருக்கு அது பெரும்பாலும் வேலைக்காகாது, சன்னக் குழாய் மடங்கிக்கொள்ளும். 18 அளவில் சற்று விறைப்பானது, அல்லது நுனி வளைந்த கூடே கதீட்டர் நுனியை மேல் பார்க்க வைத்துப் போட்டால் போகும். யுரெத்ராவே சுருங்கியிருந்தால் கதை வேறு. அங்கே சன்னக் குழாய்கூடப் பல நேரம் போகாது. பாதையின் உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோப் வைத்துப் பார்த்து, வழிகாட்டும் சன்னக் கம்பியான கைடு வயர் மேல் போட வேண்டும், இல்லையென்றால் அடிவயிறு வழியாகப் பையில் நேரே குழாய் வைக்க வேண்டும். விபத்தில் இடுப்பு எலும்பு உடைந்து, யுரெத்ரா நுனியில் ரத்தம் தெரிந்தால் கதீட்டரைத் தொடாதீர்கள். முதலில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே.

இன்னொன்று, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இன்டர்ன் காலத்தில் ஒருவருக்குக் கதீட்டர் போட்டேன். முக்கால்வாசி போனதும் நின்றது, போய்விட்டது என்று நினைத்து, குழாய் நழுவாமல் இருக்க அதன் நுனியில் வைத்திருக்கும் பலூனை ஊதினேன். அவர் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பலூன் பைக்குள் இல்லை, புராஸ்டேட் பாதையில் இருந்தது. சீனியர் வந்து சரிசெய்துவிட்டு என்னைத் திட்டவில்லை. “சிறுநீர் வந்ததா என்று குழாயைக் கேட்டாயா?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து குழாயை அதன் வெளிமுனையில் இருக்கும் இரட்டைக் கிளை வரை முழுக்க உள்ளே அனுப்பி, சிறுநீர் வருவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் பலூனில் 10 மில்லி ஸ்டெரைல் தண்ணீர் விடுவேன். உப்புக் கரைசல் வேண்டாம். நாள்பட்டால் உப்பு படிந்து பலூன் சுருங்க மறுக்கும். கடைசியாக, முன்தோலைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுங்கள். மறந்தால் காலையில் வீங்கி இறுகிக் கிடக்கும்.

சொல்லப்போனால் கதீட்டரின் பெயரால் நோபல் பரிசே வந்திருக்கிறது. 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மன் டாக்டர், யூரெட்டரில் போடும் குழாய் ஒன்றைத் தன் கையின் ரத்தநாளம் வழியாக இதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமும் எடுத்தார். பரிசு 1956-ல் வந்தபோது அவர் யூராலஜிஸ்ட்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவில் யாரை எழுப்ப வேண்டும்

யூராலஜியில் நிஜமான அவசரங்கள் குறைவு என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சிலதில் மணிக்கணக்கு முக்கியம். பயிற்சியின் முதல் மாதத்திலேயே இவை உடம்போடு ஒட்டிவிட வேண்டும்.

விதை முறுக்கிக்கொள்வது முதலாவது. திடீரென விதையில் கடும் வலி, வாந்தி, பெரும்பாலும் பதின்வயதுப் பையன். பல நேரம் வெட்கத்தில் ‘வயிற்று வலி’ என்றுதான் சொல்வான். உடையை விலக்கிப் பார்க்காத டாக்டர் குடல்வாலைத் தேடிக்கொண்டிருப்பார். சுமார் 6 மணி நேரத்துக்குள் திறந்து முறுக்கை அவிழ்த்தால் விதை பிழைக்க நல்ல வாய்ப்பு. சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்காக வரிசையில் நிற்க வேண்டாம்.

இரண்டாவது, அடைப்போடு காய்ச்சல். யூரெட்டரில் கல், மேலே தேங்கிய சிறுநீரில் சீழ், நோயாளிக்குக் குளிர் நடுக்கம். புதியவரின் கை கல்லை உடைக்கத் துடிக்கும். தொடாதீர்கள். சிறுநீரகத்திலிருந்து பை வரை யூரெட்டருக்குள் வைக்கும் குழாயான டிஜே ஸ்டென்ட் போட்டோ, முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் வைத்தோ தேங்கியதை வெளியேற்றுங்கள், ஆன்டிபயாடிக் கொடுங்கள். கல்லை அப்புறம் பார்க்கலாம். ஸ்கோப் வைத்துத் தண்ணீர் அழுத்தி அந்தச் சீழை ரத்தத்துக்குள் ஏற்றினால் ஆளையே இழந்துவிடுவோம்.

மற்றவை: ரத்தக் கட்டி அடைத்த பை, அதற்கு 22 அல்லது 24 அளவு மூவழிக் கதீட்டரும் பெரிய சிரிஞ்சும் பொறுமையும் வேண்டும், சர்க்கரை நோயாளியின் விதைப்பைத் தோல் கருத்து அழுகிக்கொண்டே பரவும் ஃபூர்னியே நோய், அதை அன்றைக்கே வெட்டி எடுக்க வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்து தானாக நின்றுபோனவர் இரவில் எழுப்ப வேண்டியவர் அல்ல. ஆனால் நின்றுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாதவர். குறிப்பாகப் புகை பிடிப்பவர் என்றால் பையில் புற்று இல்லை என்று ஸ்கோப்பில் பார்த்து உறுதிசெய்யும் வரை அவரை விடாதீர்கள்.

பயிற்சி இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

பெரிய பெயர், பெரிய கட்டடம், ரோபோ இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். கடைசி வருஷ ரெசிடென்ட் ஒருவரைத் தனியே பிடித்து, “நீங்களே முழுக்கச் செய்த டி.யூ.ஆர்.பி. எத்தனை?” என்று கேளுங்கள். டி.யூ.ஆர்.பி. என்பது யுரெத்ரா வழியாக ஸ்கோப்பை விட்டுப் புராஸ்டேட்டை வெட்டி எடுப்பது. ‘அசிஸ்ட் பண்ணியது’ கணக்கில் சேராது. செய்த கேஸ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். ஆண்டுக்கு ஆயிரம் கேஸ் நடக்கும் இடத்தில், மேற்பயிற்சிக்கு வந்த ஃபெல்லோக்கள் எல்லாவற்றையும் செய்து, ரெசிடென்ட் கேமரா பிடித்துக்கொண்டே மூன்று வருஷம் ஓட்டுவது உண்டு. அதைவிட, கேஸ் பாதியாக இருந்தாலும் கத்தியை உங்கள் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் இருக்கும் இடம் மேல்.

இன்னும் இரண்டு கேள்வி போதும். அறுவையில் கெட்டுப்போன கேஸ்களை எல்லாரும் உட்கார்ந்து வாரமோ மாதமோ ஒருமுறை பேசுகிறார்களா? அந்தக் கூட்டத்தில் தலைமைப் பேராசிரியர் தன் கேஸையும் வைக்கிறாரா? இரண்டாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் அங்கே சேர்ந்துவிடுங்கள்.

ஸ்கோப்பைக் கற்பது

1877-ல் மேக்ஸ் நிட்சே செய்த சிஸ்டோஸ்கோப்பின் நுனியில் பிளாட்டினம் கம்பி ஒன்று மின்சாரத்தில் பழுத்து ஒளி விட்டது. சூடு தாங்காமல் தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்க வேண்டியிருந்தது. இன்று அதே பாதையில் நாம் எச்.டி. கேமராவோடு போகிறோம். பார்ப்பது எளிதாகிவிட்டது. கை கற்க வேண்டியது மட்டும் பெரிதாக மாறவில்லை.

கோணம் பழக ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். ஒரு குடைமிளகாயின் அடியில் துளை போட்டு, அதன் வழியே 30 டிகிரி ஸ்கோப்பை விட்டு உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே இருக்கும் மடிப்புகள், விதைக் கொத்து எல்லாம் பையின் உட்சுவர் மாதிரியே இருக்கும். விதை ஒவ்வொன்றையும் கடிகார முள் எண்ணிக்கையில் ‘3 மணி திசை, 7 மணி திசை’ என்று சொல்லிக்கொண்டே சுற்றி வாருங்கள். கேமரா நேராக இருக்க, லைட் கேபிளை மட்டும் சுழற்றிப் பார்ப்பது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். இதை நோயாளி மேல் பழகுவதில் ஒரு நியாயமும் இல்லை. லேப்ராஸ்கோப்பிக்கு ஒரு பெட்டியும் வெப்கேமும் போதும், தினம் அரைமணி தையல் போட்டுப் பழகலாம்.

டி.யூ.ஆர்.பி.யில் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய இடம் வெருமான்டேனம் என்ற சின்ன மேடு. அதைத் தாண்டினால் சிறுநீரை அடக்கும் ஸ்ஃபிங்க்டர். அங்கே ஒரு வெட்டு விழுந்தால் அந்த மனிதர் டயப்பரோடு வாழ வேண்டும். ஒவ்வொரு பத்து வெட்டுக்கும் ஒருமுறை ஸ்கோப்பைப் பின்னிழுத்து அந்த மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போவது என் பழக்கம். என்னிடம் பயிற்சி பெறுகிறவர்களையும் அப்படித்தான் செய்ய வைக்கிறேன். பார்வை தெளிய உள்ளே ஓட்டும் கிளைசின் தண்ணீரில் செய்யும்போது அது ரத்தத்தில் ஏறி சோடியம் விழும். நோயாளி அமைதியிழந்து சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் வெட்டுவதை நிறுத்த வேண்டிய நேரம் அது. அதனால்தான் வெட்டும் நேரத்தை ஒரு மணிக்குள் முடி என்று பழையவர்கள் சொல்வார்கள். பைபோலார் கருவி உப்புக் கரைசலில் வேலை செய்வதால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது.

யூரெட்டருக்குள் ஸ்கோப்பை விடும் யூரெட்டரோஸ்கோப்பி இன்னும் நுணுக்கம். கைடு வயர் போகாத இடத்தில் ஸ்கோப் போகக் கூடாது. வயர் போய்விட்டது, ஆனால் ஸ்கோப் நுழையும்போது யூரெட்டர் சுவர் வெளுத்து ஸ்கோப்போடு சேர்ந்து நகர்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? கல் கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் இரண்டு சென்டிமீட்டர்தான். நோயாளிக்கு மயக்கம் கொடுத்தாயிற்று, வெளியே உறவினர்கள் காத்திருக்கிறார்கள், தியேட்டரில் எல்லாரும் உங்களைப் பார்க்கிறார்கள். இங்கே தள்ளியவர்கள்தான் யூரெட்டரையே ஸ்கோப்போடு உருவிக்கொண்டு வந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது: டிஜே ஸ்டென்ட் ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே யூரெட்டர் தானாக விரிந்து வழிவிடும். வெளியே வந்து உறவினர்களிடம், “இன்றைக்குக் கல்லை எடுக்கவில்லை, இன்னொரு முறை வர வேண்டும்” என்று சொல்லும் அந்த ஐந்து நிமிடம் கஷ்டமானது. அதை அறுவைக்கு முன்பே, சம்மதம் வாங்கும்போதே சொல்லிவைத்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

எத்தனை கேஸ் செய்தால் கை வரும்? ஆபரேஷனைப் பொறுத்தது. புராஸ்டேட் புற்றுக்கு முழுச் சுரப்பியையும் எடுக்கும் திறந்த அறுவையில், நோய் திரும்பாமல் இருக்கும் விகிதம் ஒரு சர்ஜன் சுமார் 250 கேஸ் செய்யும் வரை மேம்பட்டுக்கொண்டே இருந்தது என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பயிற்சிக் காலத்துக்குள் அந்த எண் யாருக்கும் கிடைக்காது. பயிற்சி முடிந்த அன்று நீங்கள் தனியே செய்யத் தயாரானவை சில, தயாராகாதவை பல என்று ஒரு பட்டியல் உங்களிடம் இருப்பது நல்லது.

பேச வைப்பது

“அது வந்து டாக்டர்…” என்று ஆரம்பித்து நிறுத்துவார்கள். கூட மகள் நிற்பாள். ‘சுகர் செக் பண்ண வந்தேன்’ என்பார். கதவு வரை போய்த் திரும்பி, கைப்பிடியில் கை வைத்துக்கொண்டே உண்மையான காரணத்தைச் சொல்வார். இது நம் துறையில் தினமும் நடக்கும்.

உடல் பரிசோதனைக்கு என்று சொல்லிக் கூட வந்தவரை வெளியே அனுப்புங்கள், அந்த இரண்டு நிமிடத்தில் கேளுங்கள். கேள்வி சாதாரணமாக வர வேண்டும்: “இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் சிலருக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் வருகிறது. உங்களுக்கு எப்படி?” என்று கேட்டால் பதில் வரும். “பிரச்சினை ஏதாவது இருக்கா?” என்றால் ‘இல்லை’ என்பார். சிறுநீர்த் தொல்லைக்கு ஐ.பி.எஸ்.எஸ். என்ற கேள்வித்தாள் இருக்கிறது: 7 கேள்வி, மொத்தம் 35 மதிப்பெண்; 7 வரை லேசானது, 8 முதல் 19 நடுத்தரம், 20 முதல் கடுமை. அதைக் கையில் கொடுத்தால் கூச்சப்படுகிறவரும் எழுதிவிடுவார். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அறுவைக்கு எழுதாதீர்கள். 22 எடுத்தும் நிம்மதியாக இருப்பவர் உண்டு. 12-க்கே தூக்கம் கெட்டுத் தவிப்பவரும் உண்டு. அதே தாளின் கடைசியில், இப்படியே காலம் முழுக்க இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தனிக் கேள்வி வைத்திருப்பது அதற்காகத்தான்.

எந்தக் கிளை

படிப்பு முடியும் தறுவாயில் எல்லாருக்கும் ரோபோ மேல் கண் போகும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரோபோ இருக்கும் இடத்தில்தான் அந்தத் திறமைக்கு வேலை. கல் சிகிச்சை தெரிந்தவருக்கு எங்கே போனாலும் வேலை இருக்கும். அதன் மாறுதல்களையும் பாருங்கள்: 1976-ல் ஸ்வீடனில் முதுகு வழியாகத் துளையிட்டுக் கல் எடுத்தார்கள், 1980-ல் மியூனிக்கில் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து முதல் நோயாளியின் கல்லை உடைத்தார்கள், அதன்பின் லேசரும் வளையும் ஸ்கோப்பும் வந்தன. ஒரே கருவியை நம்பித் தொழில் அமைத்தவர்கள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது.

புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகிறவருக்கு மருந்தும் நன்றாகத் தெரிய வேண்டும். புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனை நம்பி வளர்கிறது என்று காட்டியதற்கு 1966-ல் நோபல் பெற்ற சார்லஸ் ஹக்கின்ஸ் ஒரு யூராலஜிஸ்ட்தான். யுரெத்ரா சுருக்கத்தைச் சரிசெய்யும் புனரமைப்புப் பிரிவுக்குப் போகிறவர்கள் குறைவு. கன்னத்தின் உட்தோலை எடுத்து யுரெத்ராவில் ஒட்டுப் போடும் வேலை மெதுவாக நடக்கும், ஆனால் அதற்காகத் தூரதேசத்திலிருந்தும் நோயாளிகள் தேடி வருவார்கள். பொறுமைசாலிகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். குழந்தைகள் யூராலஜி, பெண்கள் யூராலஜி, ஆண் மலட்டுத்தன்மை, மாற்றுச் சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஒன்று அல்லது இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப் உண்டு. சேரும் முன் ஒரு ஆண்டாவது பொது யூராலஜிஸ்ட்டாக வேலை பாருங்கள். எதைச் செய்த நாளில் சந்தோஷமாக வீடு திரும்புகிறீர்கள் என்று அப்போதுதான் தெரியும்.

படிப்பதற்கு, ஐரோப்பிய யூராலஜி சங்கம் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழிகாட்டுநெறிகள் இணையத்தில் இருக்கின்றன. இரவு பார்த்த கேஸுக்கு உரிய பக்கத்தை மறுநாள் காலையே படித்துவிடுங்கள். அப்படிப் படித்ததுதான் நிற்கும்.

முதல் வேலை

சொந்தமாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்த முதல் வருஷத்தில் புதுக் கருவி வாங்கித் தாருங்கள் என்று நிர்வாகத்திடம் நிற்காதீர்கள். முதலில் நல்ல ரேடியாலஜிஸ்ட், நெஃப்ராலஜிஸ்ட், மயக்க மருத்துவர் மூவரோடும் பழகுங்கள். எக்ஸ்ரே போட்டுச் செய்யும் கேஸ் அதிகம் என்பதால் ஈய அங்கி, கழுத்துக் காப்பு உங்கள் உடம்புக்குச் சரியான அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவில் தொங்கும் கனமான அங்கி முதுகை ஐந்து வருஷத்தில் சாப்பிட்டுவிடும். திரையைக் கண் உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொல்வதற்கும் தயங்க வேண்டாம்.

சிறுநீரகம் இரண்டு. வலது, இடது மாறிய கதைகள் உலகம் முழுக்க உண்டு. ரிப்போர்ட்டில் எழுதியதை நம்பாமல், மயக்கம் கொடுக்கும் முன் படத்தை நீங்களே திரையில் போட்டுப் பாருங்கள், நோயாளியையே எந்தப் பக்கம் என்று கேட்டு அவர் கண் முன்னால் குறி போடுங்கள்.

அப்புறம் ஸ்டென்ட் நோட்டு. டிஜே ஸ்டென்ட் போட்ட ஒவ்வொருவரின் பெயர், போன் நம்பர், போட்ட தேதி, எடுக்க வேண்டிய தேதி. கணினியில் வைத்தாலும் சரி, காகிதத்தில் வைத்தாலும் சரி. வலி போய்விட்டால் பலர் திரும்பி வருவதில்லை. உள்ளே ஒரு குழாய் இருப்பதே சிலருக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் மறந்த ஸ்டென்ட்டின் மேல் கல் படிந்து, இரண்டு முனையிலும் முட்டை அளவு திரண்டு, அதை எடுக்க மூன்று ஆபரேஷன் ஆன நோயாளியை நான் பார்த்திருக்கிறேன். போட்டவர் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார். அதனால் வேலை மாறும்போது மேஜையை ஒழிக்கும் முன் அந்த நோட்டை எடுத்து, மிச்சம் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் போன் செய்து, அடுத்து யாரிடம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.